பட்டு நூலால் அடைத்த பெட்ரோல் டேங்க்

ஆரணி பக்கத்தில் முள்ளிப்பட்டில் நாங்கள் வீட்டிலேயே பட்டு நெய்கிறோம். கரண்ட் போனால் தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று, தறியை ஒட்டிய பின்வாசலில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருந்தோம். அதன் டேங்க் அடியில் கசிந்தது.

"வேற டேங்க் போட்டுடலாங்க" என்றேன்.

"கம்முனு கெட. தறி நின்னுகினு இருக்குது, ஜல்தியா முடிச்சிடறேன்" என்றார் கணவர்.

எதையும் நூலால் கட்டியே பழகிய கை. கழிவுப் பட்டு நூலைப் பசையில் முக்கி, முறுக்கி விரிசலில் திணித்தார். கசிவு நின்றது. தெரு முழுக்கப் பெருமை பேசினார்.

அடுத்த முறை ஓட்டியபோது இன்ஜின் அதிர்வில் பசை பெயர்ந்துவிட்டது. நூல் விளக்குத் திரியைப் போலப் பெட்ரோலை இழுத்து, சூடான சைலன்சர்மேல் சொட்டவிட்டது. குப்பென்று தீப்பிடித்தது. ஈரச் சாக்கைப் போட்டு நான்தான் அணைத்தேன். வலது கை வெந்துபோனது. ஓடிவந்த கணவர் தறியில் பூட்டியிருந்த பாவு நூலைத் தடவிப் பார்த்து, "நல்லவேள, பாவுக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

இப்போது புது டேங்கோடு ஜெனரேட்டர் கொல்லைக் கோடியில் இருக்கிறது, பக்கத்தில் மணல் வாளி. ஒரு சொட்டு கசிந்தாலும் அதை ஓட்ட நான் விடுவதில்லை.

என் விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. வலிக்கிறதா என்று அவர் கேட்டதில்லை. "எப்போதான் தறியில குந்துவ?" என்று மட்டும் தினமும் கேட்கிறார்.