மேல்மாடிக்குப் புது ஆள்

அது நடந்தது சிவராத்திரிக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. ஞாயிறு என்று எங்கள் காவலாளி இன்றும் சாதிக்கிறார். ஞாயிறுகளில் சத்திரசிகிச்சை நிபுணர் மன்னாருக்கு வருவதில்லை. சிவராத்திரிக்கென்று திருக்கேதீஸ்வரத்துக்கு விட்டிருந்த மேலதிக பஸ்களும் அந்த வாரந்தான் நின்றிருந்தன. ஆகவே சனிக்கிழமைதான்.

நான் பில் போடும் தனியார் மருத்துவமனையில் எல்லா நிபுணர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். ஆனால் துறை மாறினால் நோயாளியும் மாறிவிடுவார். கீழே நீரிழிவுக்கு, எங்கள் பேச்சில் சீனி வருத்தத்துக்கு, காட்டியவரை மேல்மாடிக்குச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பினால், அங்கே அவர் புது ஆள். புதுக் கட்டணம், புது அட்டை. பழைய நோயாளிகள் எல்லோரும் போன பிறகே புதியவர்களுக்கு முறை.

விடத்தல்தீவிலிருந்து வந்த மீனவரின் காலில் திருக்கை முள் குத்தியிருந்தது. சீனி வருத்தக்காரர். பாதத்தின் முன்பக்கம் கறுக்கத் தொடங்கி, கட்டியிருந்த துணியையும் மீறி மணத்தது. இன்றே சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டாவிட்டால் கால் போய்விடும் என்று கீழே பார்த்த வைத்தியர் சொல்லியிருந்தார். கூட வந்தவர் மனைவியின் தம்பி. வலை இழுத்துத் தடித்த தோள்கள்.

நான் கடைசி இலக்கத்தைக் கொடுத்தேன். நிபுணர் இரண்டு மணிக்கு யாழ்ப்பாணம் திரும்பிவிடுவார். அதற்குள் அந்த இலக்கம் வராது என்று மூவருக்கும் விளங்கியது.

“காலமை உங்களிட்டத்தானே காசு கட்டினது? அதுக்குள்ள எப்பிடிப் புது ஆள்?” என்றார் தம்பிக்காரர்.

“மேல வேற துறை, அண்ணை.”

“மேல ஏறேக்க வேற காலோ முளைக்குது?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நோயாளியும் சிரித்தார். நான் முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். “ஒராளுக்கு விட்டா எல்லாரும் கேப்பினம்” என்று வைத்துவிட்டார். அதை அப்படியே சொன்னேன்.

தம்பிக்காரர் எனக்கு முன்னால் இருந்த கவுண்டர் கண்ணாடியைக் குத்தினார். முதல் குத்தில் அது வெடித்தது. இரண்டாவதில் கை முழங்கை வரை உள்ளே வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. என் நெற்றி மேசையில் மோதியது. காவலாளி பொல்லால் அவர் முதுகில் அடித்தார், பிறகு தோளில், பிறகு எங்கே பட்டாலும். அவர் திரும்பிக் காவலாளியின் குரல்வளையைப் பிடித்துக் கதிரைகள்மேல் தள்ளி அழுத்தினார். ஒரு குழந்தை வீரிட்டது. “விடடா! அந்த மனிசன் சாகப்போகுது!” என்று கத்தியபடி எழுந்த நோயாளி, கறுத்த காலை ஊன்றி, அலறிக்கொண்டு விழுந்தார். அந்த அலறலில்தான் பிடி விட்டது.

தம்பிக்காரரின் கை மணிக்கட்டிலிருந்து பிளந்திருந்தது. காவலாளி இருமிக்கொண்டே காற்சட்டைப் பையிலிருந்த லேஞ்சித் துணியை எடுத்து, தன் கழுத்தை நெரித்த அதே கையில் இறுக்கிக் கட்டினார்.

இரத்தக் காயத்துக்கு வரிசை இல்லை. அதுவும் எங்கள் விதிதான். தாதி அவரை நேரே மேல்மாடிக்குக் கொண்டுபோனாள். அவர் மற்றக் கையால் அத்தானையும் இழுத்துக்கொண்டு ஏறினார். நெற்றிக்கு மருந்து போட நானும் போயிருந்தேன். ஊசியோடு வந்த நிபுணரிடம் அவர் கையைக் கொடுக்கவில்லை.

“முதல் அத்தான்ர காலைப் பாருங்கோ. இல்லாட்டி இது ஒழுகட்டும்.”

ஒழுகியது, நிபுணரின் சப்பாத்திலும். அவர் குனிந்து கால் துணியைப் பிரித்தார். யாழ்ப்பாணம் கொண்டுபோக அம்புலன்ஸுக்குச் சொல்லும்படி தாதிக்குக் கை காட்டினார்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் தப்பியது. பொலிசில் சமாதானமாகி, தையல் பிரிக்கத் தம்பிக்காரர் வந்ததும் ஒரு சனிக்கிழமைதான்.

“தங்கச்சி, இண்டைக்கு நான் பழைய ஆளோ?”

“ஓம், அண்ணை.”

“அத்தானை எலும்பு டொக்டரிட்டக் காட்டட்டாம். அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு வாறன். அவர்?”

“புது ஆள், அண்ணை.”

அவர் கோபப்படவில்லை. தையல் போட்ட கையின் முட்டியால் புதுக் கண்ணாடியை இரண்டு தரம் மெல்லத் தட்டிப் பார்த்தார். காவலாளி கதிரையை விட்டு எழுந்தார்.