முட்டை ஓடு இல்லாத உரம்

குடியிருப்பில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பவள். அதனால் ஊசிப் பொண்ணு. குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓட முடியாதல்லவா? அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவள் பேச்சைத் தொடங்குவாள்.

"காய்கறித் தோல், மிச்சம் மீதி எல்லாத்தையும் தனி வாளியில போட்டு வைங்க. காலைல ஆறு மணிக்குக் கீழ கொண்டு வாங்க, நான் நிப்பேன். உரமாக்கித் திருப்பித் தர்றேன்."

"நாத்தம் வராதா?"

"வந்தா என்னைத் திட்டுங்க. நான் எங்க ஓடப் போறேன், அடுத்த மாசம் மறுபடி உங்க கையைத்தானே பிடிக்கணும்."

இப்படிப் பேசிப் பேசியே நாற்பது வீடுகளைச் சேர்த்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, அக்கா புருஷன்தான். அவள் தங்கியிருப்பதும் அக்கா வீட்டில். "செய்ம்மா, நான் இருக்கேன்" என்று மாமா மூன்று டிரம் வாங்கித் தந்தார். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் குழி வெட்டித் தந்தார். தினமும் ஆறிலிருந்து ஏழு வரை அவள் டிரம் அருகே நின்று, விழுகிற ஒவ்வொரு வாளிக்கும் மேலே ஒரு கை சருகு தூவுவாள். பிறகு வேலைக்கு ஓட வேண்டும். டிரம்மைக் குழியில் கவிழ்த்து மண் போடுவது மாமாவின் பொறுப்பு. மூடிய குழியைக் கிளறினால் உள்ளே இருக்கும் சூடு போய்விடும், யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். அவளும் தொடவில்லை.

தொடங்கிய ஏழாம் மாதம் உரம் கைக்கு வந்தது. மாமாவே சலித்துப் பொட்டலம் கட்டியிருந்தார். "கடையில வாங்கினது மாதிரியே இருக்கே" என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தன் பங்கைச் செடித்தொட்டியில் கொட்டும்போது கை நின்றது. முட்டை ஓடு இல்லை. நாற்பது வீட்டு ஓடு எங்கே போனது? அது லேசில் மக்காது. சலித்தால் பெரியது நிற்கும், பொடிச் சில்லு விழுந்துதானே ஆக வேண்டும்? ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டு மக்கவே மக்காது. எவ்வளவு சொன்னாலும் பாதிப் பேர் பிய்க்காமல்தான் போடுவார்கள். அதுவும் ஒன்றுகூட இல்லை.

மண்வெட்டியோடு குழிக்குப் போனாள். ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு உரம். அதற்குக் கீழே வெறும் மண்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குழியில நாம போட்ட குப்பை ஒண்ணுமே இல்லக்கா."

அக்கா நிமிரவில்லை. "மழையில புழு நெளிஞ்சுதுடி. முதல் மாடிக்காரங்க வந்து கத்தினாங்க. அன்னைக்கே மாமா குழியில இருந்ததையெல்லாம் அள்ளிட்டார். அதுக்கப்புறம் தினமும் நீ கிளம்பினதும் எல்லாத்தையும் குப்பை லாரியில ஏத்தி விட்டுடுவார். பொட்டலத்துல கொடுத்ததும், குழி மேல பரப்பியிருக்கிறதும் செடி விக்கிற கடையில வாங்கின உரம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடி சொல்றது? நம்ம வீட்டுல படிச்சவ நீ ஒருத்தி. நீ சொன்னா சரியா இருக்கும்னுதான் எல்லாரும் நினைச்சோம். அது சரியா வரலன்னு உன் மூஞ்சிக்கு நேரா யார் சொல்றது? மாமாதான், 'அவ சந்தோஷமா நிக்கிறா, நின்னுட்டுப் போகட்டும்'னார்."

நின்னுட்டுப் போகட்டும். அழுகிற பிள்ளைக்குக் கையில் கிண்ணமும் கரண்டியும் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது போல. அக்காவின் குரலில் துளியும் வெறுப்பில்லை, அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். நிலையத்தில் பெயர்ச்சீட்டு பார்க்காமல் ஒரு குழாய் ரத்தத்தைக்கூடத் தொடாதவள், சொந்த வீட்டு மனிதர்களை ஏன் ஒரு நாள்கூடச் சரிபார்க்கவில்லை? சரிபார்த்திருந்தால் அதற்குப் பெயர் பாசமா?

மறுநாள் ஆறு மணிக்குக் கீழே போனாள். முதலில் வந்தவர் நாலாம் மாடி ஓய்வுபெற்ற தபால்காரர். லிஃப்ட் இல்லாத கட்டடம்.

"ஐயா, கொட்டாதீங்க. மழைக்காலத்துலேர்ந்து இதெல்லாம் குப்பை லாரிக்குத்தான் போயிருக்கு. உங்களுக்குக் கொடுத்ததும் கடை உரம்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "இந்த மூட்டு வலியோட தினமும் இறங்கி ஏறியிருக்கேன். உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துதான்."

"செயலாளர் வீட்டுல உக்காந்து சாப்பிடுற. ஆனா உனக்கு நேத்துதான் தெரியும். இதையும் நான் நம்பணும்."

அவளிடம் இருந்தது உண்மை ஒன்றுதான். அது அவள் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. பெரியவர் வாளியைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெல்ல மேலே ஏறினார்.

மாடியிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "மேல வாம்மா, டீ ஆறுது. நான் பேசிக்கிறேன்." எப்போதும் போல அன்பான குரல்தான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வாளி படியிறங்கி வந்துகொண்டிருந்தது. டிரம்மின் மூடியை இறுக்கி மூடிவிட்டு படியை நோக்கி இரண்டடி நடந்தாள்.

"கொட்டாதீங்கம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."