பாக்கியம் அம்மாளிடம் சொல்லாத எட்டு நாட்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை பாக்கியம் அம்மாளின் மகள் சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "அம்மா காலையில போயிருச்சுங்க ஐயா," என்றார். போனேன். அவருடைய தாய்க்கு மனு எழுதிக் கொடுத்த நல்ல மனிதர் என்று எஸ்டேட்டில் உள்ள நீங்கள் எல்லோரும் எனக்கு நாற்காலி போட்டீர்கள். அதில் உட்கார முடியாமல்தான் சீக்கிரம் கிளம்பினேன்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வந்து சேர்ந்த காலம் அது. நான் கோவையிலிருந்து வந்த குமாஸ்தா. பாக்கியம் அம்மாள் மகள் சரோஜாவோடு வந்து கொழுந்து பறிக்கச் சேர்ந்தார். மகன் சிவலிங்கத்துக்கு வயது பதினெட்டைத் தாண்டியிருந்ததால் அவன் பெயரைத் தனியாகப் பதிந்து, அதிகாரிகள் இலங்கையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, பதிவேட்டில் கைநாட்டு வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். "முழுசா வாசிச்சுக் காட்டுங்க கிளாக்கரய்யா. வாசிக்காத கடதாசியில கைநாட்டு வச்சுத்தான் புள்ளைய விட்டுட்டு வந்தேன்." அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன்.

மகனை அனுப்பக் கோரி அரசாங்கத்துக்கு மனுவும் நானே எழுதினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. உங்கள் மகன் விஷயம் இப்போது ஒரு 'ஃபெயிட் அக்கம்ப்ளி' என்றிருந்தது. அந்தச் சொல்லை அப்படித்தான் வாசித்தேன். அதற்கு முன் நான் பார்த்திராத சொல். தெரியாது என்று சொல்லக் கூச்சம். நிறைவேறியது என்பதற்கான 'அக்கம்ப்ளிஷ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் இருந்தது.

"காரியம் முடிஞ்சுதுங்கம்மா. பையன் வந்துருவான்," என்றேன்.

ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, குன்னூரில் தேயிலை ஏல அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா ஆங்கிலப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஏதோ நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்தி. அதில் அதே சொல். அர்த்தம் கேட்டேன்.

"ஃபெத் அகோம்ப்ளி. பிரெஞ்சு வார்த்தைங்க. அரசியல்ல அடிக்கடி வரும். நாங்க செஞ்சு முடிச்சாச்சு, இனி மாத்த முடியாது, நீ ஒத்துக்கறதத் தவிர வேற வழியில்லைன்னு அர்த்தம்."

ஆட்சேபணை எழுத அன்றைக்கு இன்னும் எட்டு நாள் மிச்சமிருந்தது.

மறுநாளே சொல்லத்தான் போனேன். பாக்கியம் அம்மாள் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் தன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய ஸ்வெட்டரை விரித்துக் காட்டி, "எங்க பக்கம் இம்புட்டுக் குளிர் கெடையாது. புள்ள தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்குவானுங்க," என்றேன்.

தினமும் நாளைக்கு என்று தள்ளினேன். தவணை முடிந்த பிறகுதான், அப்போதுதான் அர்த்தம் தெரிந்ததுபோலச் சொன்னேன். அவர் அந்த ஸ்வெட்டரை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "நீங்க வேணுமின்னா செஞ்சீங்க? தெரியாமத்தானே வாசிச்சீங்க. அழாதீங்க," என்று என்னைத் தேற்றினார்.

அதன்பின் எழுதிய மனு எதுவும் பலிக்கவில்லை. சிவலிங்கம் அங்கேயே மணமுடித்தான். பேரப்பிள்ளைகளை அவர் புகைப்படத்தில்தான் பார்த்தார். அந்த எட்டு நாளில் எழுதியிருந்தால் மகன் வந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. எழுதும் வாய்ப்பை அந்தத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்.

அவர் தந்தவற்றில் என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு மன்னிப்பு. தெரியாமல் செய்ததற்காக அவர் தந்தது அது. தெரிந்தே செய்ததற்கு, அவர் உயிரோடிருந்த அத்தனை வருடங்களிலும் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.