கைக்கு எட்டாத கம்பி

கடைசி வருடப் புராஜெக்டுக்கு எங்களுக்குத் தலைப்பே கிடைக்கவில்லை. நானும் என் தோழியும் சிதம்பரத்தில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் யோசித்ததையெல்லாம் சீனியர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை வரைபடத்தோடு வரவேண்டும் என்று சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறுவேன். உட்கார இடம் இருக்கும். அவள் புவனகிரியில் ஏறும்போது நிற்கவே இடம் இருக்காது. அவள் உயரம் நாலடி பத்து அங்குலம். மேலே ஓடும் கம்பி அவள் கைக்குச் சரியாக எட்டாது. அந்த வெள்ளிக்கிழமை டிரைவர் பிரேக் போட்டதில் அவள், யாரோ ஒரு அம்மா மடியில் வைத்திருந்த கீரைக்கட்டின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார்.

"சிரிக்காதடி. ஆறடி ஆளு எவனோதான் இந்தக் கம்பிய டிசைன் பண்ணியிருக்கான்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். தலைப்பு கிடைத்துவிட்டது.

மறுநாள் தையல் டேப்போடு பஸ் ஏறினோம். தரையிலிருந்து கம்பி எவ்வளவு உயரம், அவள் கையைத் தூக்கினால் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்தார்.

"இன்னாம்மா, பஸ்ஸ வெலைக்கி வாங்கப் போறீங்களா?"

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "கம்பி எட்டாதவங்கல்லாம் கையத் தூக்குங்க!" என்று குரல் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது.

"எனக்கும் அளந்துக்க பாப்பா. நானும் தெனம் ஆடிக்கிட்டேதான் போறேன்" என்றார் ஒரு அக்கா. சிதம்பரம் வருவதற்குள் பதினொரு பேரை அளந்துவிட்டோம்.

ஞாயிறன்று அவள் வீட்டில் வரைய உட்கார்ந்தோம். முதலில் கம்பியிலிருந்து தொங்கும் வளையம் வரைந்தேன். அது உயரமானவர்கள் மண்டையில் இடிக்கும் என்று அவளே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். கைப்பிடி தேவைப்பட்டால் இறங்கி, விட்டால் மேலே போய்விடவேண்டும். வாசலில் நின்ற அவள் மாமாவின் காரைப் பார்த்ததும் எனக்குச் சீட் பெல்ட் ஞாபகம் வந்தது. மெதுவாக இழுத்தால் வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிறது! இருவரும் காருக்குள் உட்கார்ந்து இழுத்து இழுத்து விளையாடினோம்.

"பிச்சிப்புடாதீங்கம்மா, நாளைக்கி வண்டி எடுக்கணும்" என்று மாமா ஓடி வந்தார்.

திங்கட்கிழமை, கம்பியிலிருந்து சீட் பெல்ட் போல இறங்கும் கைப்பிடியின் வரைபடத்தைச் சார் முன்னால் விரித்தோம். சார் நல்ல உயரம். "அதான் கம்பி இருக்கே, புடிச்சிக்க வேண்டியதுதானே?" என்றார்.

"சார், கொஞ்சம் முட்டி போடுறீங்களா?" என்றாள் இவள்.

நான் அவள் கையைக் கிள்ளினேன். சார் நிஜமாகவே கதவோரம் முட்டி போட்டார். "இப்ப கதவு நெலையோட மேல்கட்டையத் தொடுங்க சார்." கையை நீட்டினார், எட்டவில்லை. இன்னும் நீட்டினார்; சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். எழுந்து பேண்ட்டைத் தட்டியபடி சிரித்தார்.

"புரியுதும்மா. எவ்ளோ எடை தாங்கும்னு கணக்குப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் குதித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். நடுவில் மாட்டிய வரைபடம் கசங்கிப் போயிற்று. அன்று மாலையே லைப்ரரியில் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி வரைந்தோம். இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.