பிரிமித்தீவோ இல்லை

யூனியன்வில் புறநகரில் சிநேகிதி தன் வீட்டில் வைன் போத்தலைத் திறந்ததும், தொண்ணூறுகளில் வோபர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட் மணத்தது.

அந்த வீட்டுக்காரர் வீத்தோ, தெற்கு இத்தாலியின் புலியாவிலிருந்து வந்தவர். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கலிபோர்னியாவின் சின்ஃபண்டெல் திராட்சையைப் பெட்டி பெட்டியாக இறக்கி, நசித்து, எங்கள் சுவருக்கு அப்பால் பீப்பாயில் நொதிக்க விடுவார். அம்மாவின் சாம்பிராணியையும் மீறிப் புளித்த வாசம் வரும்.

வடித்த முதல் கிளாஸை மணந்து பார்த்துவிட்டுத் தலையசைப்பார். "நல்ல வைன். ஆனால் எங்கள் ஊர்த் திராட்சையான பிரிமித்தீவோ இல்லை" என்பார் உடைந்த ஆங்கிலத்தில். சாகும் வருடத்திலும் அதையேதான் சொன்னார்.

சிநேகிதி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உனக்குத் தெரியுமே, சின்ஃபண்டெலும் பிரிமித்தீவோவும் ஒரே திராட்சைதானாம். மரபணுவைப் பரிசோதிச்சுக் கண்டுபிடிச்சிருக்கினம்."



வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த அவரது கை நின்றது.

"பாவம். ஆனா சொல்லியிருந்தாலும் அந்த மனுசன் நம்பியிராது."

"ஏனம்மா?"

"இது யாழ்ப்பாணத்து முருங்கைக்காய்தான் எண்டு கடைக்காரன் ஒவ்வொரு கிழமையும் சத்தியம் பண்ணுறான். நான் நம்புறனே?"