கயிற்றை விடாத கால்

யோகா அறையில் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தோம். அதில் என் கால் மட்டும் சரியில்லை என்றார் டீச்சர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டைவிரலைத் தளர்த்தச் சொன்னார், தளர்த்தினேன். கெண்டைக்கால் என்றார், தொடை என்றார், எல்லாம் செய்தாயிற்று. தலையைத் தூக்கிப் பார்த்தேன். இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வலது பாதம் கொக்கி போல விறைத்து நின்றது.

"காலை விடுங்கண்ணா."

"வுட்டுட்டேங்க."

"எங்க விட்டீங்க? தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு."

எனக்கு அடிவயிற்றில் குடல் இறங்கி எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு மறு கையால்தான் மூட்டை தூக்கினேன். கள்ளக்குறிச்சியில் காட்டியபோது, பிரஷர் இறங்கினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். உடம்பையும் மனசையும் தளர்த்தப் பழகு என்று காலை வகுப்புக்கும் அனுப்பினார். சும்மா படுப்பதை ஏன் பழக வேண்டும் என்று விளங்கவில்லை. தூங்கக் கூடாது, ஆனால் தூங்குகிறவன்போலக் கிடக்க வேண்டும். மூச்சைப் பார்க்க வேண்டும், ஆனால் பிடித்து இழுக்கக் கூடாது. இவ்வளவு கட்டளைக்கு நடுவில் எப்படித் தளர்வது?

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. செங்கல் சூளை, கேரளத்தில் ஒரு ஓட்டல், போர்வெல் லாரி என்று சுற்றிவிட்டு, கடைசியில் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் லாரியில் லோடுமேனாக ஒட்டிக்கொண்டேன். மூட்டை ஏற்றி முடித்தால் அடிவாரம் வரும்வரை வேலை இல்லை. லோடின் மேலேயே படுத்துவிடுவோம். லோடை இறுக்கிய கயிற்றுக்குக் கீழே வலது பாதத்தைச் செருகிக்கொள்வோம். செருகிவிட்டால் எந்த வளைவிலும் தூங்கலாம். வாடகை அறையில் பாயில் புரண்டுகொண்டே கிடப்பேன். பதினோரு வருடமாக நான் நன்றாகத் தூங்கியது லோடின் மேல்தான்.

கூட வேலை செய்யும் மச்சானிடம் வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்துப் புரண்டான்.

"படுக்கறதுக்கு கிளாஸா? இன்னா மச்சான், பரீச்சை கூட வெப்பாங்களா?"

"பொணம் மாதிரி கெடக்கணுமாம்டா."

"அப்ப நீ இதுலயும் பெயிலுதான். பொணம் எங்கனா கயித்தப் புடிச்சிக்கினு கெடக்குமா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அப்போதுதான் காலின் விஷயம் புரிந்தது. மறுநாள் டீச்சரிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் துண்டை வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை என் பாதத்தின் மேல் போட்டார்.

"புடிச்சிக்கோங்க. வேணாம்னு தோணும்போது தானா விட்டுடும்."

பாதம் துண்டைக் கவ்வியதும் தோள் இறங்கியது, தாடை இறங்கியது. தளர்வதற்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு. இது யோகாவில் சேர்த்தியா என்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் கண் திறந்தபோது துண்டு தரையில் கிடந்தது. பாதம் இடதுகாலைப் போலவே சாய்ந்திருந்தது. பிரஷரும் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தால் தேதி கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

அந்த வாரமே வெள்ளிமலையிலிருந்து லோடு இறங்கியது. வழக்கம்போலப் பாதத்தைச் செருகிப் படுத்தேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததில்தான் விழித்தேன். என் இடுப்பு லோடின் விளிம்பில் இருந்தது. கீழே பள்ளத்தில் மர உச்சிகள் தெரிந்தன.

"டேய், இன்னாடா, கால எடுத்துட்ட! செத்திருப்ப நீ!" மச்சான் என் சட்டையை விடவேயில்லை.

நான் எடுக்கவில்லை. கால் தானாகவே விட்டிருக்கிறது. அடிவாரம்வரை இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்தே வந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் அளந்தார்கள். பிரஷர் பழையபடி ஏறியிருந்தது.

நடந்ததைச் சொன்னதும், "லோடு மேல ஏறாதீங்கண்ணா" என்றார் டீச்சர்.

"அப்பறம் தூங்கறது எங்கீங்க?"

டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் தப்பில்லை, மச்சான் திட்டியதிலும் தப்பில்லை. விட்டால் ஆபரேஷன், விடாவிட்டால் உயிர். ஒரே கால் எதைக் கேட்கும்?

இரண்டு வாரம் லாரிப் பக்கமே போகவில்லை. மத்தியானம் கோயிலில் அன்னதானம், மற்ற வேளைக்கு டீ. காலையில் வகுப்பு. பிரஷர் இறங்கியது, தேதியும் வந்தது.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு சுலபமாக விடக்கூடியதற்கா இத்தனை நாள் படுத்தேன் என்று ஆத்திரம் வந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

மறுபடி கண் திறந்தபோது வார்டில் இருந்தேன். ஊசி மருந்தின் வேகம் குறைந்துகொண்டிருந்தது. இடது கால் இன்னும் மரக்கட்டைதான். நர்ஸம்மா போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாங்க, கால கம்பிக்குள்ள வுட்டு வெச்சிருக்கீங்க? எடுங்க."

வலது பாதம் கட்டில் கம்பிக்குள் செருகி, விறைத்து நின்றது. எப்போது போனதென்று தெரியாது. எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி அளந்தார். சரியாக இருக்கிறது என்றார்.