அக்கா நெல் துழாவப் போனாள்

அம்மாவின் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போனதும், உத்திரமேரூர் வீட்டில் நானும் அக்காவுமாக இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினோம். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தெட்டு வயது; கல்யாணம் ஆகவில்லை; பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். அக்காவுக்கு முப்பத்து நான்கு. பிறவியிலேயே அவளுக்குப் புத்தி வளர்ச்சி குறைவு. எழுத்து ஏறவில்லை, மணி பார்க்கத் தெரியாது, பேச்சு நாலு வார்த்தையில் நின்றுவிடும். அம்மா அவளுக்குத் தலை வாரி, சோறு பிசைந்து, புடவை சுற்றிவிட்டு, எல்லாவற்றையும் தானே செய்துகொண்டிருந்தார். அக்காவுக்கு எதெல்லாம் வரும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும், கொல்லையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

பத்து நாள் லீவு தீர்ந்ததும் நான் ஆபீசுக்குப் போயாக வேண்டும். காஞ்சிபுரத்தில் கடை வைத்திருந்த அண்ணன் வழி சொன்னார். "வெளியே பூட்டிகினு போ. மத்தியானம் வந்து சோறு போடு. வேற இன்னா பண்றது?"

பூட்டிக்கொண்டு போனேன். ஃபைலைத் திறந்தால் எழுத்து ஓடாது. அடுப்பை மூட்டிவிட்டாளோ, கிணற்றை எட்டிப் பார்க்கிறாளோ என்று நினைப்பு அங்கேயே போகும். எழுந்து தண்ணீர் குடிப்பேன், உட்காருவேன், மறுபடியும் எழுந்திருப்பேன். மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனால் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தினாள். "நீ அப்பால போனதும் கம்பியப் புடிச்சிகினு உலுக்குது. கேக்க சகிக்கலம்மா." அதற்குப் பிறகும் ஒரு மாதம் பூட்டினேன்.

ஒருநாள் மத்தியானம் கதவைத் திறந்தால் அக்கா இல்லை. கொல்லைச் சுவரில் கால் வைத்து ஏறிய மண் தடம் இருந்தது. முதலில் கிணற்றைத்தான் பார்த்தேன். பிறகு ஏரிக்கரைக்கு ஓடினேன். அங்கே மாடு மேய்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். இறங்கும்போது கண்டக்டர் சொன்னார். "உங்கக்காவா? ரைஸ் மில்லுக் களத்துல கீதே. காலைலயே பாத்தேன்."

மில்லுக்கு முன்னால் பெரிய சிமென்ட் களம். வேகவைத்த நெல்லைப் பரப்பி, பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெயிலில் முன்னும் பின்னும் நடந்து காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரிசையின் கடைசியில் அக்கா. பாதத்தை உரசி உரசி, கோடு போட்டாற்போல நெல்லை ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். முகத்தில் வேர்வை. அப்படி ஒரு அமைதியான முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

அதை அப்போது நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் எல்லார் எதிரிலும் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

அக்கா அழவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போய், பாதியில் நின்ற வரிசையைக் கடைசி வரை துழாவி முடித்தாள். பிறகுதான் வந்து என் பக்கத்தில் நின்றாள். களத்துப் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலனியிலிருந்து வருகிறவள், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவள்.

"இன்னாத்துக்கும்மா அடிக்கிற? காலைலர்ந்து நடந்துகினுதான் கீது. ஒக்காருன்னா ஒக்கார மாட்டேங்குது. எங்க பொம்பளைங்கள விட நல்லா தொழாவுது. நாளைக்கி அனுப்பு."

நான் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் அவள் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் நானே அவளைக் களத்தில் கொண்டுபோய் விட்டேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜன்னல் கம்பியை நினைத்துக்கொண்டு என்னால் இனி ஒரு நாள்கூட ஆபீசில் உட்கார முடியாது. அவ்வளவுதான்.

செய்தி கேட்டு அண்ணன் அடுத்த பஸ்ஸில் வந்தார். "நம்ம வூட்டுப் பொண்ணு கூலிக்காரங்களோட நெல்லு தொழாவுதா? மானம் போவுது."

"அப்போ நீங்க கூட்டிகினு போங்க அண்ணா" என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. வீட்டுக்கும் களத்துக்கும் நடுவே லாரி ஓடும் ரோடு. அவளே தாண்டப் பழக வேண்டும். ஹாரன் கேட்டால் நில், சத்தம் இல்லையென்றால் நட என்று இருபது நாள் கைபிடித்துக் காட்டினேன். பிறகு தனியாக அனுப்பிவிட்டு ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் ரோட்டோரம் நின்றாள். திரும்பினாள். நேராக மரத்தடிக்கு வந்தாள்.

"நீ போ. நீ பாத்தா காலு தடுமாறுது."

போனேன். ஆபீசில் ஒரு மணிக்கு ஒரு தரம் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து, சந்துவழியாகக் களத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். சூப்பரின்டென்டன்ட் ஒருநாள் கேட்டேவிட்டார். "உங்களுக்கு என்னம்மா, காலில் சக்கரமா?"

ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று மழை இறங்கியது. எல்லோரும் பலகையால் நெல்லைக் குவிக்க ஓடினார்கள். கத்தல், ஓட்டம். அக்கா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு தன் வரிசையைத் துழாவிக்கொண்டே இருந்தாள். யார் சொல்லியும் நகரவில்லை. அந்த மூலை நெல் முழுக்க நனைந்துவிட்டது. இனி அவள் வரவேண்டாம் என்று மில் முதலாளி சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. விட்டது தொல்லை, வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் மேஸ்திரியம்மா விடவில்லை. முதலாளியிடம் போய் நின்றிருக்கிறாள். "மழ வந்தா இன்னா பண்ணணும்னு அதுக்கு யாருமே சொல்லல சார். சொல்லாத வேலைய எப்பிடி செய்யும்?" என்று கேட்டிருக்கிறாள். வெயில் காய்ந்த மறுநாள் களத்துப் பெண்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல், அக்காவை நிற்க வைத்து "மழ! மழ!" என்று கத்தினார்கள். குவித்த நெல்லை மூடும் தார்ப்பாயின் ஒரு மூலைதான் அவள் வேலை. ஓடிவந்து அந்த மூலையில் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. எட்டுப் பத்துத் தரம் சிரித்துச் சிரித்துச் செய்தார்கள். அக்காவும் சிரித்தாள். அடுத்த மழையில் தார்ப்பாய் மூலையில் முதலில் உட்கார்ந்தது அவள்தான். எனக்கு இப்படி ஒரு யோசனை தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் பூட்டு.

மூன்று வருஷம் கழித்து என்னைச் செங்கல்பட்டுக்கு மாற்றினார்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாடியில் ஒற்றை அறை. நாலடி வைத்தால் சுவர் இடிக்கும். அவள் நடந்தாள், இடித்தாள், திரும்பினாள். ஐந்தாம் நாள் மஞ்சள் பையில் புடவையைத் திணித்து வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"வூட்டுக்கு போறேன்."

"அங்க யார் இருக்காங்க? நான் இங்க இருக்கேனே."

"நீ இரு. நான் போறேன்."

முதல் தடவையாக அவளோடு வாதாடித் தோற்றேன். அக்காவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மேஸ்திரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அன்றுதான் அவளை 'நீங்க' என்று சொன்னேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது. "தினம் காலைல ஒரு வாட்டி எட்டிப் பாக்கறேன், சாயங்காலம் ஒரு வாட்டி. நடுவுல அது பாத்துக்கும்" என்றாள். எங்கள் அம்மா இருந்தவரை காலனிக்காரர்கள் யாரும் கொல்லையைத் தாண்டி வந்ததில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாசல் வழியாக வந்து, அக்காவோடு அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தாள். அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமைதோறும் நான் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருமுனையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒருதரம் உள்ளே நுழைந்தபோது நிஜமாகவே புகை. விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். கத்த வாயைத் திறந்தேன். அவள் தட்டை என் முன்னால் வைத்துச் சோறு போட்டாள். ரசத்தில் உப்பு கரித்தது. முழுக்கச் சாப்பிட்டேன். அவள் கையில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. எப்போது சுட்டது என்று கேட்டேன். "ஆறிப்போச்சி" என்றாள்.

அப்படித்தான் வருஷங்கள் போயின. எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, ஒரு ஞாயிறு மாலை என்னை பஸ் ஏற்றிவிட வந்த அக்கா சொன்னாள்.

"அடுத்த வாரம் வராத."

"ஏன்?"

"வேல கீது. சர்ச்சுல மேஸ்திரியம்மா வூட்டுக் கல்யாணம். நான் போணும். புதுப்பொடவ."

பஸ் கிளம்பிவிட்டது. அவள் கையாட்ட நிற்கவில்லை. பேசிக்கொண்டே இரண்டு களத்துப் பெண்களோடு போய்விட்டாள். அந்த அடுத்த ஞாயிறு, செங்கல்பட்டு அறையில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடியும் ஊறவைத்தேன். மத்தியானம் பஸ் ஸ்டாண்டுவரை போய், உத்திரமேரூர் பஸ் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறவில்லை.